மதிலின் இரு புறமும்: தரங்கம்பாடியைப் பெண்ணாய் வாசித்தல்

கோட்டைகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஆண்பெயர்களின் பட்டியலாகவே இருக்கிறது. யார் கட்டினான், யார் பிடித்தான், யார் விற்றான் என்பதுதான் அதன் வரிசை. தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையும் இந்த வரிசையில்தான் நமக்குக் கிடைக்கிறது. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இந்தக் கரையில் வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் உரிமை கொடுத்தார். ஓவே கெட்டே என்ற தளபதி வந்து கோட்டை எழுப்பினார். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு கிரயப் பத்திரத்தில் தொடங்கி இன்னொரு கிரயப் பத்திரத்தில் முடிகிற கதை. இடையில் 225 ஆண்டுகள் இந்த ஊரில் சமைத்தவள், துவைத்தவள், மீன் விற்றவள், பிள்ளை பெற்றவள் எவளுக்கும் இதில் ஒரு வரிகூட இல்லை.

கோட்டையும் ஒரு பிரதிதான். கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதப்பட்ட பிரதி. ஒரு கவிதைத் தொகுப்பை வாசிக்கும்போது யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யார் பேசாமல் விடப்பட்டிருக்கிறார் என்று நாம் கேட்கிறோம் அல்லவா, அதே கேள்விகளைக் கோட்டையிடமும் கேட்கலாம். கோயம்புத்தூரிலிருந்து ஜன சதாப்தி ஏறி மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் முதுகலைத் தமிழ் மாணவிகளை அழைத்துக்கொண்டு நான் தரங்கம்பாடிக்குப் போனது அதற்காகத்தான். கடலையே பார்த்திராத பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். கொங்கு நாட்டில் அது வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், ஓர் இரவு வெளியூரில் தங்க வீட்டில் சம்மதம் வாங்குவதற்கே அவர்களில் பலருக்கு ஒரு மாதம் ஆனது.

*

தமிழ் இலக்கணத்தில் கோட்டைக்குத் தனித் திணையே உண்டு. மதிலை முற்றுவது உழிஞை. மதிலைக் காப்பதை நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை தனியே பிரித்துச் சொல்லும். தொல்காப்பியர் உழிஞையை மருதத்துக்குப் புறமாக வைக்கிறார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அந்த இணையை நான் இப்படி வாசிக்கிறேன்: பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்கு முன்னால் தலைவி கதவை அடைக்கிறாள், படையோடு வந்த பகைவனுக்கு முன்னால் அரசன் கோட்டைக் கதவை அடைக்கிறான். இருவரும் செய்வது ஒரே செயல். ஆனால் அரசன் அடைத்தால் அது வீரம், மாலை சூட்டிப் பாட வேண்டியது. அவள் அடைத்தால் அது சிறு பிணக்கு, தோழியையும் பாணனையும் தூதனுப்பித் தணிக்க வேண்டியது. கடைசியில் அவள் கதவு திறந்தே ஆக வேண்டும் என்பது இலக்கணம்.

இன்னும் கூர்மையானது மகட்பாற்காஞ்சி. புறநானூற்றின் பிற்பகுதியில் ஏறத்தாழ இருபது பாடல்கள் தொடர்ச்சியாக இத்துறையில் வருகின்றன. ஒரு சீறூர்த் தலைவனின் மகளை வேந்தன் கேட்கிறான். தந்தை தர மறுக்கிறான். வேந்தனின் யானைகள் காத்து நிற்கின்றன. ஊர் அழியப்போகிறது. பரணர் பாடிய ஒரு பாட்டில் பழி அந்தப் பெண்ணை வளர்த்த தாயின் மேல் விழுகிறது. கேட்டவன் மேல் அல்ல, பெற்றவள் மேல். அவளுடைய அழகு பேசப்படுகிறது, அவளால் வரும் அழிவு பேசப்படுகிறது. அவள் ஒரு பாடலிலும் பேசுவதில்லை. அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. மதிலும் அவளும் ஒன்றாகவே காக்கப்படுகிறார்கள், ஒன்றாகவே கைப்பற்றப்படுகிறார்கள்.

அகத்திலும் இதற்கு நிகரான சொல் உண்டு: இற்செறிப்பு. பருவம் வந்த பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காப்பது. வகுப்பில் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல எனக்கு அகராதி தேவைப்பட்டதே இல்லை. ஆறு மணிக்கு மூடுகிற விடுதிக் கதவை நினைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களாகவே சிரித்துவிடுவார்கள்.

*

தரங்கம்பாடிக்குள் நுழைய இன்றும் ஒரு நகர வாயில் இருக்கிறது. 1792-இல் கட்டியது. வெள்ளை பூசிய அந்த வாயிலைத் தாண்டினால் ராஜவீதி. இருபுறமும் பழைய ஐரோப்பிய வீடுகள், தேவாலயங்கள். வீதி முடியும் இடத்தில் கடல். கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. பீங்கான், நாணயம், ஆயுதம், ஆவண நகல்கள். பீங்கான் இருக்கிறது, அதைக் கழுவிய கை இல்லை.

கோட்டையின் மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். கீழே கிடங்கு, சிப்பாய்களின் அறை, சிறை. தடித்த சுவர்கள். மேலே ஏறினால் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது, கீழே இறங்கினால் மூச்சு முட்டுகிறது. கீழறை ஒன்றில் நின்றபடி ஒரு மாணவி கேட்டாள்: "ஏனுங் மேடம், இந்தச் செவுரு வெளிய இருந்து வர்றவனத் தடுக்கறதுக்குங்களா, உள்ள இருக்கறவங்க போயிரக் கூடாதுன்னுங்களா?"

கோட்டைகளைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

இரண்டுக்கும்தான் என்பது தரங்கம்பாடி தரும் விடை. இந்தத் துறையிலிருந்து துணி போயிற்று, மிளகு போயிற்று, மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டிய காலங்களில் விற்கப்பட்டவர்களும் தம்மைத் தாமே விற்றுக்கொண்டவர்களும் இங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேறினார்கள். ஐரோப்பியர் வீடுகளிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். ராஜவீதி வீடுகளின் உயர்ந்த தூண்களைப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வீடுகளின் பின்கட்டில் யார் படுத்திருந்தார்கள் என்று சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை.

*

1706 ஜூலையில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது; 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. ஆனால் அவரே இந்தக் கோட்டையில் கைதியாக இருந்தார் என்பதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. 1708-இன் இறுதியில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

ஏன் அடைத்தார்? அடுத்தடுத்து இரண்டு தகராறுகள். முதலாவது, ஒரு டேனிஷ் சிப்பாய்க்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கும் பிறந்த குழந்தையை எந்தத் திருச்சபையில் வளர்ப்பது என்பது. இரண்டாவது, ஒரு தமிழ் நாவிதரின் விதவையைப் பற்றியது. இறந்துபோன கணவனுக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே இருந்த கடன் விவகாரத்தில் அவள் நியாயம் கேட்டாள். சீகன்பால்க் அவளுக்காகத் தலையிட்டார். தேவாலயத்தில் தளபதியின் முன்னால் மண்டியிட்டு முறையிடச் சொல்லி அவளுக்கு யோசனை சொன்னதும் தளபதியின் கோபத்துக்குக் காரணம்.

இந்த நிகழ்ச்சியை மிஷன் வரலாறு ஒரு போதகரின் துன்பமாகச் சொல்கிறது. காலனிய வரலாறு அதையே நிர்வாகத்துக்கும் மிஷனுக்கும் நடந்த அதிகாரப் போட்டியாகச் சொல்கிறது. இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்கள் வெறும் காரணங்கள். ஒருத்தி 'குழந்தையின் தாய்', ஒருத்தி 'நாவிதரின் விதவை'. அவனுடைய குழந்தையைப் பெற்றவள் குழந்தை எங்கே வளர வேண்டும் என்று விரும்பினாள்? மண்டியிட்டவள் பணத்தைப் பெற்றாளா? சிறைக்குப் போனவரின் பெயர் நிலைத்துவிட்டது. வழக்குக்குச் சொந்தக்காரி பெயரில்லாமல் நிற்கிறாள்.

அவளைப் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் வாசிப்பதும் போதாது. கணவனை இழந்த, சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒரு பெண் கம்பெனியின் ஆளுக்கு எதிராகக் கணக்குக் கேட்டிருக்கிறாள். போதகரைத் தேடிப் போயிருக்கிறாள். ஊரே கூடும் இடத்தில், அந்த ஊரின் மிகப் பெரிய அதிகாரியை எல்லார் முன்னிலையிலும் மறித்திருக்கிறாள். மண்டியிடுவது பணிவு என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் அது அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கும் வழி. அதனால்தான் ஹாசியஸுக்கு அது பொறுக்கவில்லை. டேன்ஸ்போர்க்கை அசைத்த நிகழ்ச்சிகளில் ஒன்றைத் தொடங்கி வைத்தவள் அவள். அருங்காட்சியகத்தில் ஒரு சிறு அட்டையாவது அவளுக்கு வேண்டும்.

பெண்கல்வியின் வரலாற்றிலும் தரங்கம்பாடிக்கு இடம் உண்டு. 1707-இலேயே இங்கே மிஷன் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. எழுத்து கைக்கு வந்தது, உண்மை. அந்த எழுத்து பக்தியும் அடக்கமும் கலந்த ஒழுங்கோடு சேர்ந்தே வந்தது என்பதும் உண்மை. இதற்கு மிஷனை மட்டும் குறை சொல்லி நம் மரபைக் காப்பாற்றிவிட முடியாது. சீகன்பால்க் 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழ் நூல்களில் ஔவையின் கொன்றை வேந்தனும் ஒன்று. ஒரு பெண் பெயரில் வழங்கும் நூல் அன்றே இந்தக் கரையிலிருந்து இன்னொரு மொழிக்குப் போனது பெருமைதான். ஆனால் அந்த நூலிலும் கற்புக்கும் இல்லறத்துக்கும் அறிவுரை உண்டு. இரண்டு மரபுகளும் பெண்ணைப் பற்றிப் பல இடங்களில் எளிதாக ஒத்துப்போயின. எழுத்துக்கு நன்றி சொல்வோம். எழுத்தோடு கட்டித் தந்ததைப் பிரித்துப் பார்க்கும் உரிமையையும் வைத்துக்கொள்வோம்.

*

கோட்டைக்கு வெளியே மீனவர் குடியிருப்புகள். கப்பல் வருவதற்கு முன்பே இருந்த ஊர் இது. பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பாடம் நடத்துகிறோம். தலைவன் வரவில்லை, தலைவி கரையில் காத்திருக்கிறாள், கடல் இரங்குகிறது, அன்றில் அழுகிறது. பாடல்களை நிதானமாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். நெய்தல் பெண் காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள், மீன் விற்கிறாள், உப்பு விற்கிறாள். அவளுடைய காத்திருப்பு ஏக்கம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. படகு வந்தால்தான் அவளுடைய வேலை தொடங்கும். இந்த உழைப்பை உரிப்பொருளாகச் சொல்லாமல், கருப்பொருளில் தொழில் என்று ஓரமாக ஒதுக்கியது நம் திணைக் கோட்பாடு.

இந்தப் பிரிவினை வெறும் இலக்கண விவகாரம் அல்ல என்று 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் அலையை உணரவே இல்லை. ஆழத்தில் சுனாமி பெரிதாகத் தெரியாது, கரையை நெருங்கும்போதுதான் எழும். கரையில் படகுக்காகக் காத்திருந்தவர்கள் பெண்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும் பெண்கள். நீச்சல் கற்றுத்தரப்படாதவர்கள், கையில் குழந்தை இருந்தவர்கள், ஓடும்போது சேலை காலைச் சுற்றியவர்கள். தமிழகத்தில் மிக மோசமாக அடிபட்ட அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும், கடலூரிலும் இறந்த ஆண்களைவிட இறந்த பெண்களே அதிகம். நானூறு ஆண்டுப் பழமையான கோட்டை நின்றது. அதை நாம் கட்டுமானத்தின் பெருமையாகச் சொல்கிறோம். மதில் யாருக்காகக் கட்டப்பட்டது, யாரை வெளியே விட்டுக் கட்டப்பட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

*

தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்கள் தேடிய சரக்குகளில் ஒன்று பருத்தித் துணி. அந்த நூல் என்னைக் கோயம்புத்தூருக்கே திரும்ப இழுக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் நூற்பாலைகளில், 'சுமங்கலி' என்று பெயர் வாங்கிய திட்டங்களின் கீழ் மணமாகாத இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டார்கள். முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. ஏழைகள், பெரும்பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. வெளியே போகக் கட்டுப்பாடு, பேசக் கட்டுப்பாடு, பார்க்க வருபவருக்குக் கட்டுப்பாடு. மூன்றாண்டு முடியுமுன் நோயுற்று வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போவதும் நடந்தது. நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் இவற்றைப் பதிவு செய்திருக்கின்றன.

இதற்கு ஆலைத் தரப்பு சொல்லும் ஒரே காரணம் பாதுகாப்பு. "பொம்பளப் புள்ளைங்க, பெத்தவங்க எங்கள நம்பி விட்டிருக்காங்க." பெற்றோரும் அந்த மதிலை நம்பித்தான் விட்டார்கள். இங்கேதான் கீழறையில் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. பாதுகாப்பு என்பது உள்ளே இருப்பவளைக் கேட்டு அமைவது. அவளைக் கேட்காமல் அமைத்தால் அது கிடங்கு. ஏற்றுமதிச் சரக்கையும் அதைச் செய்யும் கையையும் ஒரே வளாகத்தில் பூட்டி வைப்பது டேனிஷ்காரன் காலத்தோடு முடிந்துபோன பழக்கம் அல்ல.

கொங்குச் சீமையின் அண்ணன்மார் கதையிலும் ஒரு கோட்டை இருக்கிறது. உடுக்கடிப் பாட்டில் பொன்னரும் சங்கரும் போர் செய்யும் வரை தங்காள் உள்ளே இருக்கிறாள். அண்ணன்மார் மாண்ட பிறகு அவள் வெளியே வருகிறாள், வீரப்பூர்க் காட்டில் அவர்களைத் தேடி நடக்கிறாள். செத்தவர்களைச் சிறிது நேரமாவது எழுப்புகிற வல்லமை கோட்டைக்குள் இருந்தவரை அவளிடம் வெளிப்படவில்லை. காட்டில் நடந்த பிறகே வெளிப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள். பாசத்துக்காக அழுதார்கள் என்பார்கள். அவள் வெளியே வருவதற்கு அத்தனை பேர் சாக வேண்டியிருந்ததே என்றும் ஒருத்தியாவது அழுதிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

டேன்ஸ்போர்க்கைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளித் தில்லையாடி இருக்கிறது. வள்ளியம்மையின் குடும்பம் அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்டது. அவர் 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, கிறித்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஒரே நாளில் இந்திய மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் அல்லாதவர்கள் ஆனார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு குழு டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனது. அனுமதியின்றி அந்த எல்லையைத் தாண்டுவதே குற்றம். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்கள் அந்தப் பெண்கள்தான். போராட்டத்தில் தாயோடு இறங்கிய வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது பதினாறு.

தமிழ்நாட்டில் அவர் நினைவு இருக்கிறது. தில்லையாடியில் மண்டபம் உண்டு. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால் எந்த வடிவில் நினைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தியாகி, காந்தியின் வழி நடந்த சிறுமி, தேசத்தின் மகள். போராட்டத்தின் உடனடிக் காரணங்களில் ஒன்று திருமணச் சட்டம் என்பது இந்தப் புகழ்ச்சியில் மங்கிவிடுகிறது. பெண்கள் தங்கள் சட்டத் தகுதிக்காக, தங்கள் காலால் எல்லையைத் தாண்டினார்கள் என்பது மங்கிவிடுகிறது. மகட்பாற்காஞ்சியின் பெண் மதிலுக்குள் பேசாமல் நின்றாள். தில்லையாடிப் பேத்தி கோட்டைத் தாண்டி நடந்தாள். இரண்டுக்கும் இடையில் பெயர் தெரியாத நாவிதர் மனைவி இருக்கிறாள். இந்த மூவரையும் ஒரே பாடத்தில் வைத்து நடத்துகிற பாடத்திட்டம் நமக்கு வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு கோரிக்கை. கோட்டைகளுக்குப் போங்கள். தரங்கம்பாடிக்கு மட்டுமல்ல, சங்ககிரிக்கும் செஞ்சிக்கும் வேலூருக்கும் போங்கள். கட்டியவன் பெயரைக் குறித்துக்கொண்ட பிறகு, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். சமையலறை எங்கே, பிரசவம் எங்கே நடந்தது, கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வழிகாட்டிக்குப் பதில் தெரியாவிட்டால் கேள்வியைப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், தேதியும் உங்கள் முழுப் பெயரும் போட்டு. அடுத்து வருகிறவள் அதைப் படிப்பாள்.